அத்தை விடாத தட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்துபோனது. பின்னால் நடந்ததை முன்னால் எழுதிவிடுவேன், முக்கியமானதை விட்டுவிட்டு கேசரியைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன். மறதி வேறு. நாலு பேர் கூடினால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் வலது கைதான். போன மாதம் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் என் கை ஒரு காரியம் செய்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கொஞ்ச நாளாகவே உதட்டைச் சுற்றி மரமரவென்று இருந்தது. பட்டாணி உரிக்கும்போது விரல்கள் இழுத்துக்கொண்டன. குளிர்தான் என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். நர்ஸாக இருக்கிற என் தம்பி மகள்தான் விடாமல் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த சின்ன வயது டாக்டரம்மா, பிரஷர் பார்க்கிற பட்டையை என் கையில் சுற்றி, காற்றடித்து, அவிழ்க்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் என் கை தானாக மடங்கியது. மணிக்கட்டு கீழே வளைந்தது. நாலு விரலும் நீட்டினபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் போய் அவற்றோடு சேர்ந்துகொண்டது. தட்டைப் பிடிக்கிற மாதிரி.

"வலிக்குதா பாட்டிம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

வலித்தது. ஆனாலும் நான் சத்தமாகக் கத்திவிட்டேன், "ஐயோ, இது எங்க அத்தை கை!" என்று. வெளியே பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கிறது என்றார். அதற்குப் பிறகு கேள்விக்கு மேல் கேள்வி. கழுத்தில் எப்போதாவது ஆப்பரேசன் செய்தீர்களா? கிட்னியில் கோளாறு உண்டா? வயிற்றுப்போக்கு உண்டா? வெயிலில் நிற்பீர்களா? நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போடுவீர்களா? கடைசிக் கேள்விக்கு நான் முழித்தேன். வெறும் வயிற்றில் போடுகிற அந்த மாத்திரையை மருந்துக்கடையில் நானே வாங்கி, வருசக்கணக்காகத் தின்றுகொண்டிருக்கிறேன். சில பேருக்கு அதனால் மெக்னீசியம் என்கிற ஒரு சத்து குறையுமாம், அது குறைந்தால் கால்சியமும் கூடவே இறங்குமாம். வெயில் படாமல் முடங்கிக் கிடந்ததும் சேர்ந்துகொண்டதாம். "உங்க குடும்பத்துல யாருக்காச்சும் இப்படி வந்திருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அங்கே பதில் சொல்ல ஆரம்பித்திருந்தால் சாயங்காலம் ஆகியிருக்கும். அதனால் இங்கே சொல்கிறேன்.

கொடைக்கானலுக்கு மேற்கே, மேல்மலையில் எங்கள் ஊர். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். எனக்கு எட்டு வயது இருக்கும். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். அவளுக்குக் கழுத்தில் கழலை. அந்தக் காலத்தில் எங்கள் மலையில் அது அதிசயம் இல்லை. ஆனால் அத்தைக்குக் கொய்யாப்பழம் அளவு இருந்தது. அதனாலேயே பெண் கேட்டு யாரும் வரவில்லை. கடைசியில் அப்பா அவளைக் கீழே சமவெளிக்குக் கூட்டிப்போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேசன் செய்துகொண்டு வந்தார். திரும்பி வந்தபோது அத்தைக்குக் கொக்கு மாதிரி நீளக் கழுத்து. அடிக்கழுத்தில் கோடு போட்டது போல ஒரு தழும்பு. கூடவே ஒரு கண்ணாடி பாட்டில் நிறைய வெள்ளை மாத்திரை. "இத விடாமத் திங்கணும், தீந்தா வந்து வாங்கிக்கிறணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கழுத்து வீக்கம் இறங்கிய செய்தி பரவியதும் பெரியப்பா சும்மா இருக்கவில்லை. அப்பாவின் அண்ணன் அவர். பக்கத்துத் தெருவில் வீடு, ஆனால் ஆட்சி எங்கள் வீட்டில். பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டமும் மிளகும் வாழையும் உள்ள ஒரு வீட்டில் பேசி முடித்துவிட்டு வந்து நின்றார்.

"வெள்ளிக்கெழம வாராக. ஜீப்புல வாராக," என்றார்.

ஜீப்! எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. எங்கள் ஊருக்கு வருகிற பஸ்ஸைத் தவிர நான் எதிலும் ஏறியதில்லை. அந்த ஜீப் எங்கள் வாசலிலேயே வந்து நிற்கப்போகிறது. தொட்டுப் பார்க்கலாம். ஆரன் அடிக்க விடுவார்களா என்று யோசித்து யோசித்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

பெரியப்பா அதற்குள் சட்டம் போட ஆரம்பித்திருந்தார். ஆப்பரேசன் நடந்த விசயம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது. "கத்தி பட்ட ஒடம்புன்னா யோசிப்பாக. கழலை பச்சிலையில கரஞ்சிருச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். தழும்ப அட்டிகை போட்டு மறச்சுருங்க. மாத்திரையக் கண்ணுல காட்டாதீக. அவுகளுக்குச் சொந்தக்காரி ஒருத்தி நம்ம தெருவுலயே இருக்கா. நெனச்ச நேரம் உள்ள வருவா."

"மாத்திரைய நிறுத்தலாமாண்ணே?" என்று அப்பா இழுத்தார்.

"ஏலே, காயம் ஆறிப்போச்சா இல்லையா? ஆறின காயத்துக்கு எதுக்குடா மருந்து?"

அது எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. மருந்து காயத்துக்குத்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அத்தையும் தலையை ஆட்டினாள். எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே பரண். அதில் பூண்டைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருப்போம், புகை பட்டுக் கெடாமல் இருக்க. பெரியப்பா பாட்டிலை ஒரு துணியில் சுருட்டி, என்னைத் தூக்கிப் பரணில் ஏற்றி, பூண்டுக் கொத்துகளுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, அத்தை விரல்களைத் தேய்த்துக்கொண்டே, "மதினி, வெரல் நுனியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. ஒதடும் மரத்துப் போகுது" என்றாள்.

அம்மா சிரித்தாள். "மாப்பிள்ள வாராருன்னா எறும்பும் ஊரும், பாம்பும் ஊரும். எனக்கெல்லாம் ஒங்க அண்ணன் வந்தன்னைக்குக் காலே தரையில நிக்கல."

அத்தையும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். நான் அவள் விரல்களை விரித்து எறும்பைத் தேடினேன்.

வெள்ளிக்கிழமை வெள்ளனே எழுந்து நான் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். மலையில் பனி விலகவில்லை. அத்தை அன்றைக்கு நல்லபடியாக முடியவேண்டும் என்று விரதம், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மா இரவல் வாங்கிய அட்டிகையை அவள் கழுத்தில் இறுக்கிக் கட்டினாள். சிவப்புக்கல் வைத்த, பட்டையான நகை. தழும்பு முழுக்க அதற்குள் அடங்கிப்போனது. பெரியப்பா தள்ளி நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தேவலை" என்றார்.

முதலில் சத்தம்தான் வந்தது. அப்புறம் பனிக்குள்ளிருந்து இரண்டு விளக்கு. பச்சை நிற ஜீப். பின்னால் வாழைச்சருகும் மிளகுச் சாக்கும் கலந்த வாசனை. மாப்பிள்ளையே ஓட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான, பேசாத ஆள். பக்கத்தில் அவருடைய அம்மா. நல்ல உயரம், கனத்த குரல், இறங்கும்போதே, "ஏப்பா, உங்க ஊரு ரோட்டுல வந்து என் இடுப்பு எங்க போச்சுன்னு தெரியல, தேடிக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. நான் டயரைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

உள்ளே பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அத்தை தட்டில் கேசரியும் உருளைக்கிழங்கு போண்டாவும் வைத்துக்கொண்டு வந்தாள். தலை குனிந்திருந்தது. நெற்றியில் வேர்வை. அந்தக் குளிரில் வேர்வை! மாப்பிள்ளை முன்னால் குனிந்து தட்டை நீட்டினாள். அவர் வாங்கப்போனார். தட்டு வரவில்லை.

அவர் கொஞ்சம் இழுத்தார். அத்தை விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். போண்டா ஒன்று உருண்டு பாயில் விழுந்தது. அத்தை தட்டை இறுக்கிப் பிடித்தபடியே நின்றாள்.

"என்ன தாயி, குடுக்க மனசு வரலையா? அம்புட்டு ருசியா செஞ்சுருக்கியா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் கைதட்டிச் சிரித்தேன். அத்தை விளையாடுகிறாள் என்று எனக்குக் கொண்டாட்டம். அவளுக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று இருந்தது.

"ஏ புள்ள, விடு," என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "விட முடியல மதினி" என்று சொல்ல வாயைத் திறந்தாள். பாதிதான் வந்தது. மீதிக்குப் பதிலாகத் தொண்டையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். குருவி கத்துகிற மாதிரி. மறுபடியும் கீச். மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம். கால்கள் மடங்கி, அப்படியே பாயில் உட்கார்ந்து சரிந்தாள். அப்போதும் தட்டு கையில்தான் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மாதான் முழங்காலிட்டு, அந்தத் தட்டைப் பக்கவாட்டில் மெல்ல உருவி எடுத்தார். தட்டு போன பிறகும் கை தட்டைப் பிடித்த மாதிரியே இருந்தது. இடது கையும் அதே மாதிரி.

"அட்டிகை இறுக்குது, அவுருங்க!" என்று யாரோ கத்தினார்கள். அம்மா ஓடிவந்தாள். கை கொக்கியில் பட்டதும் தயங்கி நின்றாள். பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா வேண்டாம் என்று தலையை அசைத்தார். அத்தையின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. அம்மா ஒரே இழுப்பில் அட்டிகையை அவிழ்த்து எறிந்தாள்.

தழும்பு வெளியே வந்தது. எல்லோர் கண்ணும் அதன் மேல்தான்.

"அது... சின்னப் பிள்ளையில அருவா பட்டது," என்றார் பெரியப்பா.

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்தார். "அருவா இம்புட்டு நேராவாப்பா வெட்டும்?"

"பொய் போதும்!" அம்மா கத்தினாள். பெரியப்பா முன்னால் அம்மா குரல் உயர்த்தி நான் அதுவரை பார்த்ததில்லை. "ஆளு போயிருவா போலருக்கு, இன்னும் என்ன பொய்யி? கழலைய எடுத்துருக்குங்க. தெனம் மாத்திரை திங்கணும்னு டாக்டரு சொன்னாரு. நாங்கதான் உங்களுக்குப் பயந்துக்கிட்டு நிறுத்திப்புட்டோம். பாப்பா, பரண்ல ஏறு! பாட்டில எடு!"

அதற்காகவே பிறந்தவள் மாதிரி நான் ஏறினேன். யாரும் தூக்கிவிடவில்லை. அடுப்பு மேடையில் கால் வைத்து, சுவரில் கால் வைத்து, எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது. பூண்டுக் கொத்துகள் சரசரவென்று கீழே விழுந்தன. பாட்டிலோடு குதித்தேன். அம்மா மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து அத்தையின் வாயில் விட்டாள். அது கடைவாய் வழியாக வழிந்தது. விழுங்க முடியவில்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்ற ஜீப்பைத்தான் பார்த்தார்கள். பஸ் சாயங்காலம்தான். ஊரில் வேறு வண்டி கிடையாது. ஆனால் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. பொய் சொல்லிப் பெண்ணைக் கொடுக்கப் பார்த்த வீடு, எந்த முகத்தோடு அவர்கள் வண்டியைக் கேட்கும்? அப்பா இரண்டு கையையும் கூப்பினார்.

"பேச வேண்டியத அப்புறம் பேசிக்கிருவோம்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நல்லா நெறையப் பேசுறதுக்கு இருக்கு. ஏலே, வெரசா வண்டிய எடு!"

மாப்பிள்ளை அதற்குள் வண்டியில் இருந்தார்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் பாட்டில் என் கையில் இருந்தது. "அந்தப் பாட்டிலக் குடு" என்று அப்பா கேட்டார். நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொடுக்கமாட்டேன் என்று நின்றேன். வாதாட நேரமில்லாததால் பாட்டிலையும் என்னையும் சேர்த்துத் தூக்கி உள்ளே போட்டார்கள். இப்படித்தான் நான் என் வாழ்க்கையில் முதன்முதலாக ஜீப்பில் ஏறினேன்.

மெய்யைச் சொல்கிறேன், அந்தப் பயணம் போல ஒரு பயணம் பிறகு எனக்கு அமையவில்லை. பின்னால் அம்மா மடியில் அத்தை. நான் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். தைல மரங்கள் சாய்ந்து சாய்ந்து ஓடின. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வெறும் பனி. குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் நாங்கள் எல்லோரும் ஒரு முழம் மேலே போய் வந்தோம். பெரியப்பாவின் தலை இரண்டு தரம் கூரைக் கம்பியில் இடித்தது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் பாவாடையைக் கடித்துக்கொண்டேன். நடுநடுவே அத்தையின் கீச் கீச். ஜீப் சத்தத்துக்குள் அதுவும் ஒரு பாட்டு போலக் கேட்டது.

சோலைக்காட்டுக்குள் ஒரு வளைவில் ஜீப் சட்டென்று நின்றது. நடு ரோட்டில் காட்டுமாடு. கறுத்த மலை போல உடம்பு, வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி கால்கள். எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஆரன் அடிங்க தம்பி!" என்று பெரியப்பா பதறினார்.

"அடிச்சா நம்ம மேலதான் வரும்," என்றார் மாப்பிள்ளை. அன்றைக்கு அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது. இஞ்சினை அணைத்தார். காடே அமைதியானது. அந்த அமைதியில் அத்தையின் மூச்சு மட்டும் விசிலடித்தது. மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பி, அத்தையைப் பார்த்தார். காட்டுமாட்டைப் பார்த்தார். மறுபடியும் அத்தையைப் பார்த்தார். நான் மட்டும் மனதுக்குள், இன்னும் கொஞ்ச நேரம் நில்லு, இன்னும் கொஞ்ச நேரம் நில்லு என்று மாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பக்கத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

அது மூச்சை ஒரு தரம் புஸ்ஸென்று விட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் சரிவில் இறங்கியது. மாப்பிள்ளை அதற்குப் பிறகு ஓட்டினதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. பறந்தோம்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஓடி வந்தார். அத்தையின் கையைப் பார்த்தார், கழுத்துத் தழும்பைப் பார்த்தார், "என்ன மருந்து குடுத்தாங்க?" என்று கேட்டார். பெரியவர்கள் விழித்தார்கள். நான் பாட்டிலை நீட்டினேன். மேலே ஒட்டியிருந்ததை வாசித்ததும் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. பெரிய ஊசி ஒன்றில் மருந்தை எடுத்து, அத்தையின் கைநரம்பில் குத்தி, மெதுவாக, மிக மெதுவாக இறக்கினார்.

"கொஞ்சம் வெரசாப் போடுங்கம்மா," என்று அப்பா அழாத குறையாகக் கேட்டார்.

"வேகமா ஏத்தினா நெஞ்சு நின்னுரும். பேசாம இருங்க," என்றார் டாக்டரம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒரு விரலை அத்தையின் நாடியில் வைத்தபடியே இருந்தார்.

நான் கட்டில் கம்பிக்கு மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அத்தையின் கையையே பார்த்தேன். முதலில் கட்டைவிரல் விலகியது. அப்புறம் சுண்டுவிரல். அப்புறம் மற்றவை ஒவ்வொன்றாக, யாரோ உள்ளேயிருந்து அவிழ்த்துவிடுகிற மாதிரி. கீச் சத்தம் நின்றது. அத்தை நீளமாக மூச்சை இழுத்து, "ஒடம்பெல்லாம் சுடுதண்ணி ஓடுற மாதிரி இருக்கு" என்றாள். அம்மா அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். நான் "இன்னொரு தரம் செய் அத்தை" என்றேன். முதுகில் ஒரு அடி விழுந்தது.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். "மாத்திரைய நிறுத்தினது யாரு?"

பெரியப்பா மேலே விட்டத்தைப் பார்த்தார்.

கழுத்துச் சுரப்பிக்குப் பின்னால் அரிசி மணி மாதிரி நாலு சின்னச் சுரப்பி உண்டாம். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை அளந்து வைக்கிற வேலை அவற்றுடையதாம். கழலையை எடுக்கும்போது, எவ்வளவு கவனமாகச் செய்தாலும், சில பேருக்கு அந்த மணிகள் அடிபட்டுப்போகுமாம். அடிபட்டால் சத்து இறங்கி, கையும் தொண்டையும் இழுத்துக்கொள்ளுமாம். மாத்திரை அதற்குத்தான், காயத்துக்கு இல்லை என்றார். எவ்வளவு நாள் தின்ன வேண்டும் என்று அப்பா கேட்டார்.

"அனேகமா ஆயுசுக்கும்."

பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஏம்மா, சுண்ணாம்புதான் கொறச்சல்னா, வெத்தலைக்குக் கொஞ்சம் தூக்கலாத் தடவிக் குடுத்தா..."

"வாய்தான் வெந்துபோகும்," என்றார் டாக்டரம்மா. மாப்பிள்ளையின் அம்மா குபீரென்று சிரித்துவிட்டார். பெரியப்பா மறுபடியும் விட்டத்தைப் பார்க்கப் போனார்.

சிரித்து முடித்த பிறகு மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறியது. "குடும்பம் நடத்தலாமா? பிள்ள பெத்துக்கிறலாமா?" என்று நேராகவே கேட்டார்.

"தாராளமா. மருந்த விடாமச் சாப்பிட்டு, அப்பப்ப வந்து ரத்தம் பாத்துக்கணும். மாசமா இருக்கும்போது ரொம்பக் கவனமா இருக்கணும். அவ்வளவுதான்."

டாக்டரம்மா போய்விட்டார். அறையில் நாங்கள் மட்டும். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெரியப்பா பக்கம் திரும்பினார். "ஏப்பா, எம்புட்டுத் துணிச்சலா அருவான்னு சொன்னீரு! அதுக்கு உம்மள ஒரு நாள் தனியா வச்சுக் கேக்கணும். ஆனா பொண்ணு என்ன செய்வா? வாரப்ப இவன் மொகத்தப் பாத்தேன். பத்துப் பொண்ணு பாத்துட்டோம், எதுக்கும் இப்படி வண்டி ஓட்டல. எங்களுக்குச் சரிதான்."

பெரியப்பாவின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தை மாதம் என்றார் ஒருவர், கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர்.

கட்டிலிலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"நான் இன்னும் சரின்னு சொல்லலையே."

எல்லோரும் கட்டில் பக்கம் திரும்பினார்கள்.

"ஏ, வாய மூடிக்கிட்டுப் படு," என்றார் பெரியப்பா.

"மூடிக்கிட்டுத்தாண்ணே கெடந்தேன். எறும்பு ஊர்றப்பவே மாத்திரையக் குடுங்கன்னு கேட்டுருக்கணும். கேக்கல. அதுக்குத்தான் இங்க கொண்டாந்து படுக்கப் போட்டுருக்கீக."

அத்தை மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடி கலைந்திருந்தது. பொட்டு அழிந்திருந்தது. கழுத்தில் எதுவும் இல்லை, தழும்பு மட்டும் இருந்தது. அன்றைக்கு முதல் தடவையாக மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள்.

"நான் மாத்திரைய ஒளிச்சு வைக்க மாட்டேன். உங்க வீட்டுச் சன்னல்ல வப்பேன். வாரவுக போறவுக எல்லாரும் பாக்கட்டும். யாரு கேட்டாலும் எதுக்குத் திங்கிறேன்னு சொல்லுவேன். அதுக்குச் சம்மதமான்னு சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்து யோசித்தார். பிறகு நிமிர்ந்து, "எங்க வீட்டுச் சன்னல் கெழக்க பாத்தது," என்றார். "காலையில வெயில் நேரா அடிக்கும். மருந்துக்கு வெயில் ஆகாதுல்ல? பக்கத்துச் சன்னல்ல வச்சா எப்படி?"

அத்தை அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் "சரி" என்றாள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். மாப்பிள்ளையின் அம்மாகூட மூக்கை உறிஞ்சினார். எனக்கு ஒரே எரிச்சல். பெரியவர்கள் எதற்கெடுத்தாலும் அழுகிறார்கள். ஒரு சன்னல்தானே கேட்டாள்? மாப்பிள்ளை அவ்வளவு யோசிக்கிற ஆளாக இருக்கும்போது, கொஞ்சம் பெரிதாகவே கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் ஜீப்பைக் கேட்டிருப்பேன். சாயங்காலம் பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அதுவும் எனக்குப் புரியவில்லை.

அத்தை இன்னும் பண்ணைக்காட்டில்தான் இருக்கிறாள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்குப் போனில் என் கை மடங்கின கதையைச் சொன்னேன். "மாத்திரைய எங்க வச்சிருக்க?" என்றுதான் முதலில் கேட்டாள்.

நான் எழுதியதில் கழுத்துக்குள் இருக்கிற மணிகள் நாலுதானா, மெக்னீசியம் பற்றி டாக்டரம்மா சொன்னதைச் சரியாகப் பிடித்துக்கொண்டேனா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. என் தம்பி மகளோ, மருத்துவம் படித்த வேறு யாரோ ஒரு தரம் பார்த்துத் திருத்திக் கொடுங்கள். இதை வாசித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், போடவும் வேண்டாம். சன்னல் விசயத்தை மட்டும் திருத்த வேண்டியதில்லை. அது நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் காதால் கேட்டது.